ஐந்து சென்ட் விளைக்கு என்ன மரம்?

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பாறசாலை, செங்கல், காரோடு, தனுவச்சபுரம் பக்கமெல்லாம் இப்போது ஐந்து சென்டில் வீடு கட்டுகிறவர்கள்தான் அதிகம். பாகம் வைத்ததில் ஏழெட்டு வந்தவர் கொடுத்து வைத்தவர். ஐந்து சென்ட் என்றால் 2178 சதுர அடி. அதில் பாதியை வீடு எடுத்துக்கொள்ளும். ஒரு மூலையில் கிணறு, அதிலிருந்து எட்டி செப்டிக் டேங்க், முன்னால் வண்டி நிற்க இன்டர்லாக் கல். மிச்சம் இருப்பது மதிலை ஒட்டி ஆறடி, எட்டடி அகலத்தில் சில துண்டுகளும் அடுக்களைக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடமும்தான். இந்த இடத்துக்குத்தான் மா, பிலா, ரம்புட்டான், சப்போட்டா, மாதுளை என்று பத்துப் பன்னிரண்டு கன்றுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிறார்கள். மூன்றாம் வருடம் அவை ஒன்றின்மேல் ஒன்று சாயும். பத்தாம் வருடம் மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட வேண்டி வரும்.

நான் சொல்வது ஒன்றுதான். நர்சரியில் பழத்தின் படத்தைப் பார்த்துக் கன்று வாங்காதீர்கள். அந்த மரம் பூக்கும் மாதத்தில் நம் ஊரில் மழையா வெயிலா என்று பாருங்கள். பழுத்ததை யார் பறிப்பார் என்றும் பாருங்கள். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, வீட்டில் அறுபது தாண்டிய இரண்டு பேர் மட்டும் இருந்தால், தொரட்டி எட்டாத உயரத்தில் காய்க்கும் மரம் வௌவாலுக்கும் அணிலுக்கும்தான்.

முதலில் மழை. கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டரை ஒட்டி வரும். தெற்கே வர வரக் குறைந்து திருவனந்தபுரத்தில் ஏறத்தாழ 1800 ஆகிறது. எல்லை தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் குறைவு. நாம் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறோம். ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம் என்று மழை இரண்டு தவணையாக வரும். மகரம் முதல் மீனம் வரை, அதாவது தை பிறந்து பங்குனி முடியும் வரைதான் நம்பக்கூடிய வெயில்.

இதனால் இரண்டு வகை மரங்கள் நமக்குச் சரிப்படாது. உலர்ந்த காற்றை விரும்பும் மாதுளையும் திராட்சையும் சீத்தாவும் இங்கே செடியாகத் தழைக்கும். பழமாகும்போது வெடிப்பு, பூஞ்சை, மாவுப்பூச்சி என்று ஏதாவது ஒன்று வந்து சேரும். இன்னொரு பக்கம், ஆண்டு முழுக்க ஈரம் கேட்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும். பத்தனம்திட்டையில் ரம்புட்டான் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதைப் பார்த்து வாங்கி வருகிறார்கள். அங்கே கோடையிலும் மழை எட்டிப் பார்க்கும்; இங்கே மாசி, பங்குனியில் கிணற்றில் தண்ணீர் இறங்கும் நேரத்தில் ரம்புட்டானுக்குக் குடம் குடமாக ஊற்ற வேண்டும். பிறகு பழத்துக்கு வலை கட்ட வேண்டும். மங்குஸ்தான் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும், இளமையில் நிழலும் வேண்டும். இடமும் நீரும் உள்ளவர்கள் வைக்கட்டும். ஐந்து சென்டில் இவை ஆடம்பரம்.

அடுத்தது வெளிச்சம். இதை யாரும் பார்ப்பதே இல்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். பன்னிரண்டு அடி உயர வீட்டின் நிழல் அப்போது உச்சி வேளையில்கூட வடக்குப் பக்கம் ஏழு, ஏழரை அடி விழும். மாடி வீடென்றால் பதினைந்து அடி. மா பூக்க வேண்டிய நேரமும் அதுதான். வீட்டுக்கு வடக்கே எட்டடித் துண்டில் மாங்கன்று வைத்துவிட்டு, இலையாக வருகிறதே தவிரப் பூக்கவில்லை என்று உரம் வாங்கப் போகிறவர்கள் நிறைய. மாவுக்குத் தெற்கோ கிழக்கோ கொடுங்கள். வடக்குத் துண்டில் வாழை வைக்கலாம், கறிவேப்பிலை வைக்கலாம்.

மாவில் எந்த ரகம்? நம் மண்ணின் பெயரோடே இருக்கும் ரகம் கோட்டுக்கோணம் வருக்கை. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊரின் பெயர்தான் அது. செக்கச் சிவந்த சதை, நல்ல இனிப்பு. செங்கவருக்கையும் நம் பக்கத்துச் சரக்குதான். இரண்டும் தானாக விட்டால் பெருமரமாகும். ஒட்டுக்கன்று வாங்கி, முதல் மூன்று வருடம் கவாத்து செய்தால்தான் சின்ன இடத்துக்கு அடங்கும். அந்த உழைப்பு முடியாதென்றால் காலாப்பாடி வாங்குங்கள். இயல்பிலேயே குட்டையான மரம்; பழம் சிறிது, நார் இருக்காது, தித்திப்பு தூக்கலாக இருக்கும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு மாவுக்குத்தான் இடம் என்பவருக்குக் காலாப்பாடிதான் சொல்வேன். மூவாண்டன் சீக்கிரம் காய்க்கும், மாங்காய்க் கறிக்கும் ஊறுகாய்க்கும் ஆகும், ஆனால் நார். நீலம் தாராளமாகக் காய்க்கும், கொட்டையில் வண்டு இருக்கும். அல்போன்சாவை ரத்னகிரிக்கே விட்டுவிடலாம். அங்கே மழை விட்டபிறகு வரும் நீண்ட உலர்காலம் அந்த மரத்துக்கு உயிர். துலாவர்ஷம் கார்த்திகை வரை இழுக்கும் நம் ஊரில் அதை எதிர்பார்க்க முடியாது.

மாவைக் குட்டையாக வளர்ப்பது மந்திரமல்ல. நட்டு, கன்று மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளி மூன்று கிளைகளை வெவ்வேறு திசையில் விடுங்கள். அந்தக் கிளைகள் இரண்டடி போனதும் மறுபடி நுனி. இரண்டு வருடம் இதைச் செய்தால் மரம் குடை கவிழ்த்தாற்போல் விரியும். பிறகு ஒவ்வொரு வருடமும் பழம் பறித்து முடிந்ததும், ஆடிக்குள், மேலே ஓடிய கிளைகளையும் உள்ளே ஒன்றோடொன்று உரசுவதையும் எடுத்துவிட வேண்டும். ஐப்பசியில் கத்தியைத் தொடக் கூடாது. அப்போது வெட்டினால் பூவாக வேண்டியது தளிராகிவிடும். பன்னிரண்டு அடிக்கு மேல் விடாதீர்கள்.

நம் முன்னோர் கார்த்திகை, மார்கழியில் மாமூட்டில் சருகு கூட்டிப் புகை போடுவார்கள். மூடநம்பிக்கை என்று சிரிக்க வேண்டாம். புகையில் உள்ள எத்திலீன் வாயு பூப்பைத் தூண்டும். பிலிப்பைன்ஸ் விவசாயிகளும் இதையே செய்துகொண்டிருந்தார்கள், 1970-களில் ரமோன் பார்பா என்ற விஞ்ஞானி பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தாலே பூக்கும் என்று காட்டும் வரை. ஐந்து சென்டில் புகை போட்டால் பக்கத்து வீட்டு அக்கா உணங்கப் போட்ட துணிதான் நாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி பிலா. 2018 மார்ச் 21 அன்று கேரள அரசு சக்கையை மாநிலப் பழமாக அறிவித்த பிறகு, பிலா இல்லாத வீடு கௌரவக் குறைவு என்றாகிவிட்டது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஐதிகம். ஒரு ராஜா உள்ளே மறையும் அளவுக்குப் பருக்கும் மரத்தை மதிலுக்கும் கிணற்றுக்கும் இடையில் ஆறடியில் நடலாமா என்று நீங்களே யோசியுங்கள். வேர் மதிலைத் தள்ளும், சருகு கிணற்றில் விழும், இருபது கிலோ சக்கை ஓட்டின்மேல் விழும்.

ஆனாலும் சக்கை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு வழி ஒட்டு. கொட்டை போட்டு வந்த பிலா வருக்கையா கூழனா என்று காய்த்த பிறகுதான் தெரியும். தாயைப்போல இருக்கும் என்ற உறுதி கிடையாது. வியட்நாம் சூப்பர் ஏர்லி என்ற பெயரில் இப்போது எல்லா நர்சரியிலும் கிடைக்கும் ஒட்டு இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கிறது. உச்சியை வெட்டிக்கொண்டே இருந்தால் மூட்டிலேயே காய் பிடிக்கும், உட்கார்ந்து பறிக்கலாம். எல்லைக்கு அப்பால் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிபிஐ 1 என்ற பிலாவும் உண்டு. அது நம் மழைக்கும் மண்ணுக்கும் பழகியது, ஆனால் இடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். எதை வைத்தாலும் கட்டடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி வையுங்கள். அந்த இடம் இல்லையென்றால் சக்கையைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். ஆளில்லாமல் அழுகும் சக்கை நம் ஊரில் எத்தனை!

சீமைப்பிலாவுக்கும் இதே எச்சரிக்கை. தேங்காய் அரைத்துக் கறி வைத்தால் அதற்கு ஈடில்லை, ஆனால் அகன்ற இலையும் எளிதில் முறியும் கிளையும் கொண்ட மரம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டின்மேலும் மின்கம்பியின்மேலும் சாய்ந்தவை பெரும்பாலும் யாரோ ஆசையாக வைத்து, பிறகு கவனிக்காமல் விட்ட உயர்ந்த மரங்கள். பக்கத்து வீட்டுக்கு ஆபத்தாக நிற்கும் மரத்தை வெட்டச் சொல்லும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு உண்டு. மனு கொடுக்கும் வரை போனால் மரத்தோடு உறவும் போய்விடும்.

சின்ன விளைக்கு உண்மையான பழமரம் எது என்று கேட்டால் வாழை என்பேன். மரமில்லை, தெரியும். ஆனாலும் இரண்டுக்கு இரண்டடி இடத்தில் வருடம் தவறாமல் குலை தருவது வேறு எது? அடுக்களைக் கழிவுநீர் போகும் இடத்தில் மூன்று மூடு போதும். நம் பக்கத்துக்கென்றே உள்ளது மட்டி. 2023-இல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்குளம், விளவங்கோடு தாலுகா மண்ணில் வரும் மணம் வேறெங்கும் வருவதில்லை என்பார்கள்; எல்லைக்கோடு மண்ணுக்குத் தெரியாது, காரோட்டிலும் இஞ்சிவிளையிலும் நன்றாகவே வரும். குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டும் பழம் அதுதான். ஏத்தனுக்குத் தாங்குகம்பு வேண்டும்; செந்துளுவன் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கச் சொல்லும். பாளையங்கோட்டன் எதையும் தாங்கும், சோம்பேறிக்கும் காய்க்கும்.

கன்று எடுக்கும்போது இலை ஒடுங்கி வாள்போல் நீண்ட கன்றாகப் பாருங்கள். சின்னதிலேயே அகன்ற இலை விரித்த நீர்க்கன்று அழகாக இருக்கும், குலை சிறுத்துப் போகும். கிழங்கில் கருந்துளை இருந்தால் வண்டு ஏறியது, வேண்டாம். இலைகள் குருத்தோடு குறுகி முடிச்சாக நின்றால் அது முடிக்கொத்து நோய். அந்த மூட்டைக் கிழங்கோடு தோண்டி அழியுங்கள், பக்கத்தில் கன்று எடுக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொய்யா கவாத்துக்கு அடங்கும், வெட்ட வெட்டப் புதுக் கிளையில் காய்க்கும்; சின்ன இடத்துக்கு மாவுக்கு அடுத்தபடி அதுதான். பொழியூர், பூவார், கொல்லங்கோடு பக்கம் மணல் நிலமும் உப்புக்காற்றும் உள்ளவர்கள் சப்போட்டாவை நம்பலாம்; மாவின் தளிர் கருகும் இடத்தில்கூட அது நின்று காய்க்கும், கொல்லாமாவும் அப்படித்தான். சாம்பக்காய் அழகான மரம், முழுக்கக் காய்க்கும், ஆனால் வாசலில் வைத்தால் தினமும் பெருக்க வேண்டும். பப்பாளிக்கு மேடு கட்டி நடுங்கள். இடவப்பாதியில் இரண்டு நாள் மூட்டில் தண்ணீர் நின்றால் மரம் சாய்ந்துவிடும். விதை போடுவதானால் கோ 7, ரெட் லேடி போன்ற இருபால் ரகங்களாக வாங்குங்கள், ஆண் மரம் வந்து ஏமாற்றாது.

மீன் கறிக்குப் புளி வேண்டுமே என்பவர்களுக்கு இரண்டு. புளிச்சிக்காய், அதாவது பிலிம்பி, அடிமரம் முழுக்கக் காய்க்கும், எந்தக் கவனிப்பும் கேட்காது. ஆனால் கொழுப்பு குறையும் என்று அதன் சாற்றைப் பச்சையாகக் குடிக்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலிக் அமிலத்தால் சிறுநீரகம் பழுதான நோயாளிகளைக் கேரள மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கறியில் இரண்டு மூன்று போடுவது வேறு விஷயம். அடுத்தது குடம்புளி. விதைக்கன்று வாங்கினால் பாதிக்குப் பாதி ஆண் மரமாகப் போகும், பத்து வருடம் காத்திருந்த பிறகே அது தெரியும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அமிர்தம், ஹரிதம் ரகங்களில் ஒட்டு கேளுங்கள். கேட்கும்போது பக்கக் கிளையில் எடுத்த ஒட்டா என்றும் கேளுங்கள். நேர்க்கொம்பில் எடுத்தது ஓங்கி உயரும். பக்கக் கிளையில் எடுத்தது குட்டையாகப் படர்ந்து கைக்கெட்டக் காய்க்கும்.

கன்று எங்கே வாங்குவது? வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் கிடைக்கும். நம் பஞ்சாயத்து கிருஷி பவனில் மழைக்கு முன்னால் வரும் கன்றுகளில் விதைக்கன்றும் இருக்கும், ஒட்டும் இருக்கும், விசாரித்து வாங்குங்கள். சாலையோர நர்சரியில் வாங்கினால் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. ஒட்டுப் போட்ட இடம் ஒரு வளையமாகவோ சாய்ந்த தழும்பாகவோ தெரிய வேண்டும். மேலும் கீழும் தடிமன் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்திருந்தால், மேலே உள்ளது வளர்ச்சி குன்றி வேர்ச்செடி பலம் பிடிக்கிறது என்று அர்த்தம். பைக்கு அடியில் வேர் சுருண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பழைய சரக்கு. பையிலேயே காய்த்து நிற்கும் கன்றைக் காட்டி விலை கூட்டுவார்கள், மயங்க வேண்டாம். இலைத்தழை நிறைந்த, ஒரு வருடத்துக் கன்றே போதும். வீட்டுக்கு வந்ததும் ஒட்டில் கட்டிய பிளாஸ்டிக் நாடாவை அவிழ்க்க மறக்காதீர்கள். மரம் பருக்கும்போது அது கழுத்தை நெரிக்கும்.

நடும் காலம் திருவாதிரை ஞாற்றுவேலை, ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் வாரமும். கம்பை ஊன்றினாலும் தளிர்க்கும் என்று பாட்டிமார் சொன்ன நாட்கள். குழியை மட்டும் சித்திரையிலேயே தோண்டிப் போடுங்கள். நம் வெட்டுக்கல் மண்ணில் மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் தோண்ட கூலி ஆகும், இருந்தாலும் அந்தக் குழிதான் மரத்தின் பத்து வருடத்துக்கு மூலதனம். தென்னங்குழியில் உப்புப் போட்டுப் பாறையை இளக்கும் வழக்கத்தை மாவுக்குச் செய்யாதீர்கள். நம் மண் புளிப்பு மண். நீற்றுச் சுண்ணாம்பு அரைக் கிலோ தூவி இரண்டு வாரம் கழித்துத் தொழுவுரம், எலும்புத்தூள், மேல்மண் கலந்து நிரப்புங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே அரையடியாவது தெரிய வேண்டும். குழியைச் சுற்றி அரைவட்டமாகச் சால் எடுத்து, தேங்காய் உரித்த கதம்பையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் போட்டு மூடினால், மகரத்தில் ஊற்றும் ஒரு குடம் தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கட்டாயம். அந்த இரண்டு வருடமும் வரும் பூவைக் கிள்ளி எறியுங்கள், மனம் கேட்காவிட்டாலும்.

காய்க்கத் தொடங்கியதும் வரும் தொல்லை இரண்டு. மாம்பழத்தில் புழு. ஈ காயில் முட்டையிடும், பழுக்கும்போது புழு. ஒரு சிரட்டையில் கைப்பிடித் துளசி இலையைக் கசக்கிப் போட்டு, கொஞ்சம் வெல்லமும் தண்ணீரும் பூச்சிமருந்து ஒரு துளியும் சேர்த்து, நிழலான கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். துளசியில் உள்ள மீத்தைல் யூஜினால் ஆண் ஈக்களை இழுக்கும். வாரம் ஒருமுறை துளசியை மாற்ற வேண்டும், சிரட்டை குழந்தைகள் கைக்கெட்டாத உயரத்தில் தொங்க வேண்டும். விழுந்த மாங்காயை மூட்டிலேயே கிடக்க விடாமல் அன்றன்றே பொறுக்கிக் குழியில் போட்டு மூடுங்கள். மண்ணில் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை ஈ அங்கிருந்துதான் கிளம்பும். முசுறு கூடு கட்டிய மரத்தில் பூச்சி குறைவு, ஆனால் பறிக்க ஏறுகிறவர் உங்களைத் திட்டுவார்.

மற்றொன்று வௌவால். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு இது விளையாட்டில்லை. சப்போட்டாவும் கொய்யாவும் சாம்பக்காயும் அவற்றுக்கு விருந்து. கடித்த பழத்தை, பல் பட்ட இடத்தை மட்டும் அறுத்துவிட்டுச் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை நிறுத்துங்கள், மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடாதீர்கள். சப்போட்டாவை முற்றியதும் மரத்திலேயே பழுக்க விடாமல் பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள். தோலைச் சுரண்டினால் பச்சை தெரியாமல் மஞ்சளாக இருந்தால் முற்றியது. கொய்யாவுக்குக் காகிதப் பை கட்டலாம். மரம் பன்னிரண்டு அடிக்குள் இருந்தால் ஒரு ஸ்டூலில் ஏறி அரைமணி நேரத்தில் கட்டி முடித்துவிடலாம்.